இரண்டு மானிட்டர், ஒரு பீம்ஸ்பிளிட்டர்: வீட்டில் 3டி திரை செய்ய விரும்புவோரின் கேள்விகளும் பதில்களும்

பழைய எல்சிடி மானிட்டர்கள் இரண்டு, விழும் ஒளியில் பாதியை ஊடுருவ விட்டு மீதியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடி (இதுதான் பீம்ஸ்பிளிட்டர்), ஒரு ஜோடி போலரைஸ்டு 3டி கண்ணாடி. இவ்வளவு இருந்தால் போதிய ஒளிர்வுள்ள, படம் சிமிட்டாத, முழு ரெசல்யூஷன் 3டி திரையை மேசை மேல் நிறுத்திவிடலாம். செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நான்கைந்து பதில்களைப் படிக்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 செ.மீ. இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டும் ஒரே காட்சியைச் சற்றே வேறு கோணங்களில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை ஆழத்தை உணர்கிறது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு முகக் கண்ணாடிகளையும் இரண்டு கோட்டோவியங்களையும் வைத்தே இதை நிரூபித்துக் காட்டினார். நாம் செய்யப்போவதும் அடிப்படையில் அதுதான்: இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு இன்னொரு படம். வீட்ஸ்டனின் கருவியில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனி வழி இருந்தது. இங்கே இரண்டு படங்களும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், அவற்றைப் பிரித்துத் தருவது ஒளியின் போலரைசேஷன், அதாவது ஒளி அலை அதிரும் திசை. 3டி கண்ணாடியின் ஒவ்வொரு லென்ஸும் ஒரு திசை ஒளியை மட்டும் விடும், அதற்கு 90 டிகிரியில் இருப்பதைத் தடுக்கும்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மானிட்டர் வழக்கம்போல உங்களைப் பார்த்து நிற்கும். இன்னொன்று அதன் மேல் விளிம்பை ஒட்டி, கூரைபோல, முகம் கீழே பார்க்கும்படி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் பீம்ஸ்பிளிட்டர் கண்ணாடி. அதன் வழியே நேர் மானிட்டர் தெரியும், அதில் மேல் மானிட்டரின் பிம்பமும் தெரியும். கோணம் சரியாக இருந்தால் அந்தப் பிம்பம் நேர் மானிட்டரின் மேல் அப்படியே பொருந்தி உட்காரும்.

ஏன் எல்சிடி மானிட்டர்தான் வேண்டும்?

எல்சிடி-யிலிருந்து வெளிவரும் ஒளி ஏற்கெனவே போலரைஸ் ஆகித்தான் வருகிறது. பேனலின் முன்னும் பின்னும் போலரைஸர் தாள் ஒட்டாமல் எல்சிடி-யில் படமே தெரியாது. சாதாரண ஒளியை போலரைஸ் செய்தால் பாதிக்கு மேல் வீணாகும். இங்கே அந்த இழப்பு மானிட்டருக்குள்ளேயே முடிந்துவிட்டது, நமக்குக் கூடுதல் செலவில்லை. பழைய டப்பா சிஆர்டி மானிட்டருக்கு இது பொருந்தாது. அதன் ஒளிக்கு எந்தத் திசையும் கிடையாது.

எந்த மாதிரி மானிட்டர் வாங்கலாம்?

ஒரே கம்பெனி, ஒரே மாடல், டிஎன் பேனல், இரண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இந்த வரியை வையுங்கள்.

காரணம் இது. டிஎன் என்பது எல்சிடி பேனல்களில் ஒரு வகை. டிஎன் மானிட்டர்கள் பெரும்பாலும் 45 டிகிரி சாய்வில் போலரைஸ் ஆன ஒளியை வெளியிடுகின்றன, திரையின் ஒரு கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலை நோக்கிச் சாய்ந்த கோடுபோல. அந்தச் சாய்ந்த திசை கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. நேர் மானிட்டரின் ஒளி வலப்பக்கம் சாய்ந்திருந்தால், மேல் மானிட்டரின் பிம்பம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. போலரைஸ்டு 3டி-க்கு வேண்டியது துல்லியமாக அந்த 90 டிகிரிதான். எந்தத் தாளும் ஒட்டாமல், பேனலைப் பிரிக்காமல், வெறும் பிரதிபலிப்பே நம் வேலையைச் செய்துவிடுகிறது. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பிளானார் நிறுவனம் ‘ஸ்டீரியோமிரர்’ என்ற பெயரில் விற்ற தொழில்முறை திரைகளும் இரண்டு மானிட்டர், ஒரு பாதிக் கண்ணாடி என்ற இதே ஏற்பாட்டில் அமைந்தவைதான். வான்படங்களிலிருந்து வரைபடம் தயாரிப்பவர்களும் மூலக்கூறு ஆய்வாளர்களும் அவற்றைப் பயன்படுத்தினார்கள்.

புது மானிட்டர்களில் ஐபிஎஸ், விஏ என்ற வேறு பேனல் வகைகள்தான் அதிகம். ஆனால் அலுவலகங்கள் கழித்துக்கட்டும் 19, 22 அங்குல மானிட்டர்களில் டிஎன் நிறையக் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் தேடினால் ஒரே மாடலில் ஜோடியாகவே கிடைக்க வாய்ப்புண்டு. நிறத்துக்காகவோ பார்வைக் கோணத்துக்காகவோ யாரும் டிஎன்னைப் புகழ்வதில்லை. ஆனால் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பேனல் இல்லை என்பது என் கருத்து. கையில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

என் மானிட்டரின் போலரைசேஷன் கோணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போதும். அதை அணியும் நிலையில் பிடித்தால் செங்குத்தான ஒளியை மட்டும் விடும். மானிட்டரில் வெள்ளைத் திரையை வைத்து, அதன் முன் கூலிங் கிளாஸை மெல்லச் சுழற்றுங்கள். நேராகப் பிடிக்கும்போது இருட்டானால் மானிட்டரின் ஒளி கிடைத்திசை. 90 டிகிரி திருப்பிய பிறகு இருட்டானால் செங்குத்து. 45 டிகிரி சாய்க்கும்போது இருட்டானால் நீங்கள் தேடுகிற டிஎன் அதுதான். கடைக்கே எடுத்துப்போய்ச் சோதித்து வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது ஐபிஎஸ் மானிட்டர்கள். முடியாதா?

முடியும், ஒரு வேலை கூடும். ஐபிஎஸ், விஏ மானிட்டர்களின் ஒளி பொதுவாகச் செங்குத்தாகவோ கிடையாகவோ இருக்கும். அந்தத் திசைகள் கண்ணாடியில் பட்டாலும் மாறாது என்பதால் இரண்டு படமும் ஒரே திசையில் வந்து நிற்கும். ஒன்றை மட்டும் 90 டிகிரி திருப்ப வேண்டும். அதற்கு அரை அலைத் தாள் என்று ஒன்று உண்டு. அதைத் திரையின் போலரைசேஷனுக்கு 45 டிகிரி கோணத்தில் வைத்தால் ஒளியின் திசையைத் திருப்பிவிடும். பரிசுப்பொருள் சுற்றும் செலோஃபேன் தாளே இதற்கு உதவும் என்று டொரண்டோ பல்கலைக்கழகத்தின் கெய்கோ இய்சுகா 2003-இல் காட்டினார். மடிக்கணினித் திரையில் பாதியைச் செலோஃபேனால் மூடி அவர் அதை 3டி திரையாக்கினார். கடையில் செலோஃபேன் என்ற பெயரில் வேறு பிளாஸ்டிக் தாளையும் தருவார்கள், அதனால் கூலிங் கிளாஸ் வைத்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

தாளின் குறை என்னவென்றால், அது ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும். வழக்கமாகப் பச்சைக்கு. சிவப்பும் நீலமும் கொஞ்சம் கசிந்து, ஊதா சாயலில் நிழல் தெரியும்.

இந்த வழியில் ஒரு நன்மையும் இருக்கிறது. சாய்ந்த கண்ணாடி கிடைத்திசை ஒளியை அதிகமாகத் திருப்பும், செங்குத்து ஒளியை அதிகமாக ஊடுருவ விடும். ஆகவே நேர் மானிட்டரைச் செங்குத்தாகவும் மேல் மானிட்டரைக் கிடையாகவும் அமைத்தால் கண்ணாடியே நமக்குத் துணையாகிறது. ஆனால் கடையில் விற்கும் 3டி கண்ணாடிகளின் லென்ஸ்கள் 45 டிகிரிக்கு வெட்டப்பட்டவை. நீங்கள் போலரைஸர் தாள் வாங்கி நேராக வெட்டிப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

பீம்ஸ்பிளிட்டருக்குச் சாதாரண ஜன்னல் கண்ணாடி போதாதா?

போதாது. எண்களைப் பார்த்தால் புரியும். 45 டிகிரியில் சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு, கிடைத்திசை ஒளியில் சுமார் 9 சதவீதத்தைத் திருப்புகிறது. செங்குத்துத் திசையில் 1 சதவீதம்கூடத் திரும்புவதில்லை. மேல் மானிட்டர் மங்கிப்போவது ஒரு பக்கம். அதைவிட மோசம், அதன் 45 டிகிரி ஒளி திரும்பி வரும்போது கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்துவிடும். சாய்வை 56 டிகிரிக்குக் கொண்டுபோனால் செங்குத்துத் திசை ஒளி அறவே திரும்பாது. டேவிட் புரூஸ்டர் 1815-இல் கண்டறிந்த கோணம் அது.

ஜன்னலுக்கு ஒட்டும் மிரர் ஃபிலிமும் வேண்டாம். அந்த ஃபிலிம் பாலியெஸ்டர், போலரைசேஷனைக் கலைத்துவிடும். அக்ரிலிக் டூ-வே மிரர் விலை குறைவு, எடை குறைவு, ஆனால் வளையும். தட்டையில்லாத கண்ணாடியில் மேல் மானிட்டரின் படம் நெளிந்து தெரியும், நேர் மானிட்டரின் படம் நெளியாமல் இருக்கும். இரண்டும் எந்த இடத்திலும் முழுதாகப் பொருந்தாது, கண் வலிதான் மிச்சம்.

வாங்க வேண்டியது பூச்சு போட்ட உண்மையான கண்ணாடி. டெலிபிராம்ப்டருக்கு (கேமராவைப் பார்த்தபடியே எழுத்தைப் படிக்க உதவும் கருவி) விற்கும் கண்ணாடி நல்ல தொடக்கம். ஊடுருவும் ஒளியும் திரும்பும் ஒளியும் முடிந்தவரை 50-க்கு 50 நெருங்கியதாகப் பாருங்கள். 70-க்கு 30 என்றால் ஒரு மானிட்டரின் ஒளிர்வைக் குறைத்துச் சமன் செய்யலாம், கெட்டுவிடாது. மறுபக்கத்தில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் 3 மி.மீ. கண்ணாடியின் பின்பரப்பு, மேல் மானிட்டரின் படத்தை 2 மி.மீ. தள்ளி இன்னொரு முறை மங்கலாகக் காட்டும். பாதிப் பிரதிபலிப்புப் பூச்சு உள்ள பக்கம் மேல் மானிட்டரைப் பார்க்க வேண்டும்.

செலவில் பெரும்பகுதி இந்தக் கண்ணாடிக்குத்தான் போகும். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

கண்ணாடி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

22 அங்குல அகலத்திரையின் உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 47 செ.மீ. 45 டிகிரி சாய்வில் அந்த உயரத்தை மூட 1.41 மடங்கு, அதாவது 42 செ.மீ. தேவை. மானிட்டரின் ஓரச் சட்டத்துக்கும் சேர்த்து 50-க்கு 46 செ.மீ. வாங்கினால் நிம்மதி. முனைகளைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், கையைக் கிழிக்காது.

சட்டத்தை எதில் செய்வது?

அலுமினிய புரொஃபைலோ, பிளைவுட்டோ, உங்கள் கைக்குப் பழகியது எதுவும் சரி. அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. மேல் மானிட்டரை அதன் முதுகில் தாங்கி மாட்டுவதற்காக இருக்கும் நான்கு வெசா துளைகளில் தாங்குங்கள். நான்கு திருகுகளிலும் ஸ்பிரிங் அல்லது வாஷர் கொடுத்து, சாய்வை நுட்பமாக மாற்ற வழி வையுங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரை அந்தத் திருகுகள்தான் சரி செய்யும். கண்ணாடிக்குக் கீழே மேசையில் கறுப்பு வெல்வெட் துணி விரியுங்கள். மேல் மானிட்டரின் ஒளியில் பாதி அங்கேதான் விழும். துணி இல்லாவிட்டால் அது சிதறி, நேர் மானிட்டரின் கறுப்பைச் சாம்பலாக்கும்.

மானிட்டரைப் பிரிக்க அவசியமே இல்லை. பழைய மானிட்டர்களில் பின்விளக்கு சிறு டியூப்லைட் வகை, அதை எரியவைக்கும் இன்வெர்ட்டரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும். ஓரச் சட்டத்தைக் கழற்ற ஆசைப்பட்டாலும் மின்சாரத்தைத் துண்டித்து, நேரம் விட்டு, பிறகு தொடுங்கள்.

மேல் மானிட்டரின் படம் தலைகீழாகத் தெரிகிறதே?

பிரதிபலித்த படம் திரும்பித்தான் தெரியும், அதை மென்பொருளில் மறுபடி திருப்ப வேண்டும். மேல் மானிட்டரை இரண்டு விதமாக மாட்டலாம். அதன் மேல் விளிம்பு, நேர் மானிட்டரின் மேல் விளிம்பை ஒட்டி இருந்தால் படத்தை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். அடி விளிம்பு ஒட்டி இருந்தால் மேல் கீழாக.

முதல் வகையைத்தான் சொல்வேன். டிஎன் பேனலை மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கீழிருந்து பார்த்தால் வேறு நிறம். மேல் விளிம்பும் மேல் விளிம்பும் ஒட்டியிருந்தால் இரண்டு படங்களும் ஒரே மாதிரி மாறும். மற்ற வகையில் ஒரு கண்ணுக்குத் திரையின் அடிப்பகுதி கறுத்தால் மறு கண்ணுக்கு வெளுக்கும்.

விண்டோஸில் ஒரு பொறி இருக்கிறது. திரை அமைப்பில் ‘லேண்ட்ஸ்கேப், ஃபிளிப்டு’ என்று வருவது 180 டிகிரி சுழற்சிதான், கண்ணாடித் திருப்பம் அல்ல. அது இங்கே உதவாது. லினக்ஸில் எக்ஸ்-ராண்டர் கட்டளையின் ‘ரிஃப்ளெக்ட்’ தெரிவு உண்மையாகவே திருப்பும். விண்டோஸ்காரர்கள், படத்தைத் தானே திருப்பித் தரும் 3டி மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும்.

தியேட்டரில் கொடுத்த 3டி கண்ணாடி வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யாது. தியேட்டர்களில் தரும் ரியல்டி வகைக் கண்ணாடிகளும், பாஸிவ் 3டி டிவியோடு (போலரைஸ்டு கண்ணாடி அணிந்து பார்க்கும் டிவி) வந்தவைகளும் வட்ட போலரைசேஷன் வகை, அதாவது அதிரும் திசை சுழன்றுகொண்டே வரும் ஒளிக்கானவை. நமக்கு வேண்டியது நேர்கோட்டு வகை, 45-க்கு 135 டிகிரி.

கையில் இருப்பது எது என்று முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று கண்டுபிடித்துவிடலாம். 3டி கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு கண்ணை மூடுங்கள். திறந்த கண்ணின் லென்ஸ் தெளிவாகவும் மூடிய கண்ணின் லென்ஸ் கறுப்பாகவும் தெரிந்தால் நேர்கோட்டு வகை. திறந்த கண்ணின் லென்ஸே கறுப்பாகத் தெரிந்தால் வட்ட வகை.

வட்ட வகையே வேண்டுமென்றால் இரண்டு படங்களின் ஒளிப்பாதையிலும், நேர்கோட்டு ஒளியை வட்ட வகையாக மாற்றும் கால் அலைத் தாள் வைக்க வேண்டும். தலையைச் சாய்த்தாலும் படம் கலங்காது என்பது அதன் லாபம். முதல் முயற்சிக்கு அது தேவையில்லை.

ஒரு கண்ணின் படம் மறு கண்ணில் நிழலாகத் தெரிகிறது. எப்படிப் போக்குவது?

இதை கோஸ்டிங் என்பார்கள். எல்லாருக்கும் வரும், காரணம் பல. முதலில் சோதனைப் படம் ஒன்று செய்யுங்கள்: ஒரு மானிட்டரில் கறுப்பின் மேல் பெரிய வெள்ளை ‘இ’, மற்றதில் ‘வ’. இடது கண்ணில் ‘இ’ மட்டும், வலது கண்ணில் ‘வ’ மட்டும் தெரிய வேண்டும். இடம் மாறித் தெரிந்தால் மென்பொருளில் படங்களை மாற்றிவிடுங்கள்.

இப்போது ஒரு கண்ணை மூடி, தலையை இரு பக்கமும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிழல் மிகக் குறைவாகத் தெரிவது தலை நேராக இருக்கும்போதா, சாய்ந்திருக்கும்போதா? மறு கண்ணிலும் பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதி நோயைச் சொல்லிவிடும்.

இரண்டு கண்ணுக்கும் ஒரே பக்கம் ஐந்தாறு டிகிரி சாய்த்தால் நிழல் மறைகிறதென்றால் அது பீம்ஸ்பிளிட்டரின் வேலை. அது கிடைத்திசை ஒளியை 60 சதவீதமும் செங்குத்துத் திசை ஒளியை 40 சதவீதமும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பிய ஒளி 45-லிருந்து சுமார் 6 டிகிரி கிடைப்பக்கம் சாயும். ஊடுருவிய ஒளி அதே அளவு செங்குத்துப் பக்கம் நிமிரும். ஒன்று வலப்பக்கம் சாய்ந்த கோடு, மற்றது இடப்பக்கம் சாய்ந்த கோடு என்பதால், இரண்டு மாற்றமும் ஒரே சுழற்சித் திசையில்தான் நடக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள 90 டிகிரி கெடுவதில்லை! ஆகவே பீம்ஸ்பிளிட்டரை மாற்ற வேண்டாம். அட்டைச் சட்ட 3டி கண்ணாடியின் இரண்டு லென்ஸ்களையும் கழற்றி, ஒரே பக்கம் அந்த அளவு திருப்பி ஒட்டுங்கள், போதும்.

இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு பக்கம் சாய்க்க வேண்டியிருந்தால் மானிட்டர்களின் கோணம் 45-லிருந்து விலகியிருக்கிறது, அல்லது இரண்டும் ஒரே மாடல் அல்ல. அப்போது லென்ஸ்களைத் தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோணத்திலும் நிழல் போகவில்லை என்றால் ஒளி நேர்கோட்டுத் தன்மையையே இழந்திருக்கிறது. அதற்குக் காரணம் பூச்சோ, வழியில் இருக்கும் ஏதாவது பிளாஸ்டிக்கோ. மானிட்டரின் மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளை உரிக்க மறந்திருந்தாலும் இப்படி ஆகும்.

எவ்வளவு கோணப் பிழை தாங்கும் என்பதற்கு, எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி போலரைஸரைக் கடக்கும் என்று சொல்லும் மாலுஸ் விதி பதில் தருகிறது. 5 டிகிரி விலகினால் 1 சதவீதத்துக்கும் குறைவான ஒளி கசியும். 10 டிகிரிக்கு 3 சதவீதம். 20 டிகிரிக்கு 12 சதவீதம், அப்போது 3டி போய்விடும். நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்தபடி படம் பார்க்க முடியாததும் இதனால்தான்.

படம் மங்கிவிடாதா?

பாதி ஒளி பீம்ஸ்பிளிட்டரில் போகும், லென்ஸில் இன்னும் கொஞ்சம் போகும். 250 நிட் (நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) மானிட்டரில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஏறக்குறைய 100 நிட் கிடைக்கும். தியேட்டரில் சாதாரண 2டி படத்துக்கே 48 நிட்தான் அளவுகோல். அறையை இருட்டாக்கக்கூட வேண்டியதில்லை.

இரண்டு படங்களையும் பொருத்துவது எப்படி?

இரண்டிலும் ஒரே கட்டம் போட்ட படத்தைக் காட்டுங்கள், ஒன்றில் சிவப்புக் கோடு, மற்றதில் பச்சை. 3டி கண்ணாடி அணியாமல், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். முதலில் நடுப்புள்ளி, அப்புறம் நான்கு மூலைகள். பிறகு தலையை இடம் வலமாக நகர்த்துங்கள். கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் இரண்டு படங்களும் ஒரே ஆழத்தில் இல்லை என்று அர்த்தம், திருகைத் தொடுங்கள். தலையை நகர்த்தியும் விலகாத, மாறாத இடைவெளி இருந்தால் அதை மென்பொருளிலேயே சில பிக்சல் தள்ளி முடித்துவிடலாம். 3 மி.மீ. கண்ணாடியே ஊடுருவும் படத்தை 1 மி.மீ. நகர்த்துகிறது, அதுவும் இதில் அடங்கிவிடும்.

மேல் கீழ் விலகலில் கறாராக இருங்கள். இடம் வல விலகலை மூளை ஆழமாக எடுத்துக்கொள்ளும். மேல் கீழ் விலகலுக்கு அதனிடம் பதில் இல்லை, தலைவலிதான் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் கண் வலிக்கிறது.

அப்படியென்றால் படத்தில் ஆழம் அதிகம். தொலைவில் உள்ள பொருளின் இரு பிம்பங்களும் திரையில் 6.5 செ.மீ.-க்கு மேல் விலகக் கூடாது, விலகினால் கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டிவரும். அது எல்லை மட்டுமே. 60 செ.மீ. தொலைவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு 1 செ.மீ.-க்குள் வைத்திருப்பது இதம். நீங்களே படம் எடுப்பதானால் மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு, இரண்டு கேமரா நிலைகளுக்கும் இடைவெளி. 3 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுக்க 10 செ.மீ.

என்ன மென்பொருள்?

படங்களுக்கு ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர், இலவசம். வீடியோவுக்கு பைனோ, அதுவும் இலவசம். வேதியியல், உயிரியல் மாணவர்களுக்கு மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் பைமால், விஎம்டி போன்ற மென்பொருள்களில் ஸ்டீரியோ (இரு கண்ணுக்கும் தனிப்படம்) வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரு புரத மூலக்கூறின் மடிப்புகளை இந்தத் திரையில் பார்த்த மாணவருக்குப் பாடப்புத்தகப் படம் தட்டையாகத்தான் தெரியும். கல்லூரி ஆய்வகங்களில் இது ஒன்றாவது இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வி.ஆர். ஹெட்செட்டோ பழைய 3டி டிவியோ வாங்கினால் போதாதா?

உங்கள் தேவையைப் பொறுத்தது. பாஸிவ் 3டி டிவி பழையது கிடைத்தால் எளிது. ஆனால் அது திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கண்ணுக்கும் இரட்டைப்படை வரிகளை மறு கண்ணுக்கும் பிரித்துக் கொடுப்பதால் செங்குத்து ரெசல்யூஷன் பாதியாகும். எல்ஜியும் சோனியும் 2017-இல் 3டி டிவியை நிறுத்திவிட்டதால் இனி பழைய சரக்குதான். ஹெட்செட் உங்களைச் சூழ்ந்த உலகத்தை மூடிவிடும், ஒருவர் மட்டுமே பார்க்கலாம். இந்தத் திரையின் முன் இரண்டு மூன்று பேர் ஒட்டி உட்கார்ந்து, விரலால் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டே பார்க்கலாம், குறிப்பு எழுதலாம், விசைப்பலகையும் கண்ணுக்குத் தெரியும். உயரம் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் டிஎன்னின் நிறமாற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

பீம்ஸ்பிளிட்டரில் தூசி படிந்தால்?

உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். பூச்சுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று கண்ணாடி விற்றவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத நேரத்தில் முன்பக்கம் ஒரு துணியைத் தொங்கவிட்டால் இந்த வேலை மிக அரிதாகத்தான் வரும்.